தலையணை உறைக்குள் பன்னிரண்டு பெயர்கள்

முப்பத்திரண்டு வருசம் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்றவளுக்கு ஒரு துண்டுச்சீட்டைக் கண்டால் போதும், அது எதற்காக மடிக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியும். பத்திரமாக இருக்கட்டும் என்று மடிப்பது ஒரு விதம், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று மடிப்பது இன்னொரு விதம். ஒரு சனிக்கிழமை துவைக்கப் போடுவதற்காகத் தம்பி பொண்டாட்டியின் தலையணை உறையை உதறியபோது விழுந்த சீட்டு இரண்டாவது விதம். கட்டைவிரல் நகம் அளவுக்கு எட்டாக மடித்திருந்தது. பிரித்தேன். அடுத்தவர் சீட்டைப் பிரிக்கலாமா என்கிற கேள்வியெல்லாம் என் உத்தியோகத்தில் கிடையாது. உள்ளே எண் போட்டுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. பத்து ஆம்பிளைப் பேர், ரெண்டு பொம்பளைப் பேர். நாலு பெயரை அடித்துவிட்டு மேலே வேறு பெயர் எழுதியிருந்தாள். ஏழாவது பேருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு இதயம் வரைந்திருந்தது. தம்பி செத்து அப்போது ஒரு வருசம்கூட முழுசாக முடியவில்லை.

தம்பி இங்கே ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவன். நூற்பு மிஷின் பூட்டிக் கொடுக்க மூன்று மாசத்துக்கு என்று சொல்லி மணிலாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போனான். மூன்று மாசம் பதினோரு வருசம் ஆனது. திரும்பி வந்தபோது அந்த ஊர்க்காரியான பொண்டாட்டியும் நாலு வயசு மகளும் கூட வந்தார்கள். அவளும் கத்தோலிக்கக் குடும்பம்தான், கோயிலில் வைத்துத்தான் கல்யாணம் என்பதால் எங்கள் பங்குக் கோயிலில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஒருத்திதான் திறந்தேன். அவள் மொழியில் அக்காவை ‘ஆத்தே’ என்பார்களாம். வந்த முதல் நாள் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து “ஆத்தே, ஆத்தே” என்று அவள் கூப்பிட, என்னமோ ஏதோ என்று அடுத்த வீட்டுத் தெலுங்குக்கார அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டது.

மூன்று வருசம் கழித்து மில்லிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பி எழுந்திருக்கவில்லை. மருமகளுக்கு அப்போது ஏழு வயசு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறை என்று சொல்ல அந்தப் பிள்ளை ஒன்றுதான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அதனால் பூசைக்கு முந்தின நாள், அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, தம்பியின் அலமாரியில் இருந்த தாய், மகள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து என் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய மார்க் ரிஜிஸ்டர்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். திருட்டு என்று அப்போது எனக்குப் படவில்லை.

ஆனால் அவள் போகவில்லை. பூசை முடிந்தது, மாசங்கள் போயின, அவள் பாட்டுக்குக் காலையில் எழுந்து இட்லிக்கு மாவு எடுத்து வைத்தாள், பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றினாள். இப்போது எனக்கு வேறு சந்தேகம் வந்தது. ஏன் போகவில்லை? சொந்த ஊரில் அம்மா இருக்கிறாள், அக்கா தங்கச்சி இருக்கிறார்கள், இங்கே புருசனும் இல்லை, பிறகு யாருக்காக இருக்கிறாள்? போனால் ஒரு சந்தேகம், இருந்தால் ஒரு சந்தேகம். என்னோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

தினமும் காலை ஒன்பதரைக்கு அவள் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஒரு நிமிசம் முன்னே பின்னே ஆகாது. ஒரு வாரம் பார்த்தேன். எட்டாவது நாள் அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு நின்றதும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். யாரோ ஆம்பிளைக் குரல், கைதட்டல், பாட்டு. யார் அது என்று நேராகவே கேட்டேன். “எங்க ஊரு மத்தியானம், ஆத்தே” என்றாள். அங்கே பகல் பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்பதரை. பன்னிரண்டு மணிக்கு அங்கே டிவியில் ஒரு ஆட்டபாட்ட நிகழ்ச்சி, வாரத்தில் ஆறு நாள், அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நடக்கிறதாம். தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு ஆடச் சொல்வார்கள், பாடச் சொல்வார்கள், ஜெயித்தவனும் அழுவான், தோற்றவனும் அழுவான். அவள் அம்மா தையல்காரி. பன்னிரண்டு அடித்தால் மிஷினை நிறுத்திவிட்டு, ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு வந்து உட்காருவாளாம். அந்த மணியில் தெருவில் ஒரு நாய்கூட நடக்காதாம். அப்படியெல்லாம் ஒரு நிகழ்ச்சி நாற்பது வருசம் ஓடுமா, புளுகுகிறாள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவள் பேச்சு நிற்கவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பேசுவாள், துணி மடித்துக்கொண்டே பேசுவாள். ஊரைப் பற்றி என்றால் கடலையோ தென்னையையோ சொல்லமாட்டாள், எலக்சனைத்தான் சொல்வாள். அவர்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கூடைப்பந்து மைதானம் உண்டாம், ஓட்டுக் கேட்கிற கூட்டம் அங்கேதான். கொள்கை பேச வந்தவனை ஜனம் விடாதாம், முதலில் ஆடு என்று சொல்லுமாம். எழுபது வயசு வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டு இடுப்பை ஆட்டுவாராம். சினிமாப் பாட்டில் வார்த்தையை மாற்றி வேட்பாளர் பேரைப் போட்டு, ஸ்பீக்கர் கட்டின வண்டி விடியவிடியப் பாடிக்கொண்டு போகுமாம். பாட்டு நல்லாயிருந்தா ஓட்டு விழுமா என்று கேட்டேன். “பாட்டு நல்லாயிருந்தும் தோத்தவக உண்டு ஆத்தே, ஆனா பாட்டு மட்டும் மறக்காது” என்று சொல்லி, பதினைந்து வருசத்துக்கு முன்னால் தோற்றுப்போன ஒரு ஆளின் பாட்டைக் கையில் கத்தியோடு முழுசாகப் பாடிக் காட்டினாள். சண்டைப்பட நடிகன் ஒருத்தன் ஓட்டுக் கேட்டு வந்தபோது அவள் அம்மாவுக்குக் கை கொடுத்தானாம், அம்மா அன்று ராத்திரி வரைக்கும் அந்தக் கையைக் கழுவவில்லையாம், சோறும் இடது கையால் வடித்தாளாம். இதில் என்னை அசத்த முடியாது. நடிகரையும் ஓட்டையும் பற்றித் தமிழ்நாட்டுக்காரியிடம் வந்து கதை சொல்கிறாயா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒன்று மட்டும் நான் நம்பவே இல்லை. அவள் அம்மா வயிற்றில் இவளைச் சுமந்துகொண்டிருந்தபோது, ஊரை ஆண்டுகொண்டிருந்தவனை இறக்குவதற்கு ஜனமெல்லாம் தலைநகரத்துப் பெரிய ரோட்டில் நாள்கணக்கில் போய் நின்றார்களாம். எதிரே ராணுவ டாங்கிகள். கன்னியாஸ்திரிகள் முன்னால் மண்டிபோட்டு ஜெபமாலை சொன்னார்களாம். சிப்பாய்களுக்குச் சோறும் பூவும் கொடுத்தார்களாம். டாங்கி நின்றுவிட்டதாம். நான் சரித்திர டீச்சர். ஜெபமாலைக்கு டாங்கி நிற்காது என்று எனக்குத் தெரியும். “நல்லா ஜோடிக்கிற நீ” என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போய் அவரைக்காயைக் கழுவ எழுந்துவிட்டாள். பிறகு ஒரு நாள் மருமகள் போனில் தேடி அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். கன்னியாஸ்திரிகள், ஜெபமாலை, டாங்கி, எல்லாம் இருந்தது. “நம்புதியா அத்தை?” என்று பிள்ளை கேட்டது. படத்தையும் ஜோடிக்கலாம் என்று சொன்னேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த வருசம்தான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அங்கே, தேர் என்றால் பழைய சிநேகிதிகள் வீட்டு மாடியில் எனக்கு இடம் உண்டு. வடத்தைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு, போட்டோ எடுத்து முடிந்ததும் வடத்தை ஜனத்திடம் விட்டுவிட்டு வண்டியேறிப் போன வெள்ளை வேட்டிக்காரர்களைப் பார்த்து அவள் கையைத் தட்டினாள். “எங்க ஊர்லயும் இப்பிடித்தான் ஆத்தே. சாமி ஊர்வலத்துக்குக் கயித்தைப் புடிப்பாக, கேமரா போனதும் விட்டுருவாக. எம்புட்டு தூரம் வந்தாலும் அவுக மாறல பாத்தியளா” என்றாள். மாடியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு ஆசையாக ஊரைப் பேசுகிறவள் ஊருக்குப் போகாமல் இருக்கமாட்டாள் என்றுதான் ஓடியது. பஸ்ஸில் திரும்பும்போது மருமகளை என் மடியில்தான் உட்காரவைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் அந்தச் சீட்டு கிடைத்தது. சாயங்காலம் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஹாலில் பிட்டோடு பிடிபட்ட பிள்ளைகளிடம் நிற்பதுபோல இடுப்பில் கை வைத்து நின்றேன்.

“யாரு இவிய?”

அவள் பார்த்தாள். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. “செனட்டர்” என்றாள். அவர்கள் ஊரில் ஓட்டுப் போடுகிறவர்கள் மேல்சபைக்கு ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அறுபது எழுபது பேர் நிற்பார்களாம். பன்னிரண்டையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அதனால் எல்லோரும் வீட்டிலேயே ஒரு சீட்டில் எழுதி, மடித்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போவார்களாம். பார்த்து எழுதுவதற்குப் பரீட்சையில் எடுத்துப் போகிற சீட்டுக்கு அவர்கள் மொழியில் என்ன பேரோ அதே பேர்தான் இதற்கும். ஓட்டுப் போடுவதற்குப் பிட்டா என்று நான் மலைத்துப்போனேன். மலைப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. ஏழாவது ஆளுக்கு எதற்கு இதயம் என்று கேட்டேன். “அந்தாளு சின்ன வயசுல பாட்டுப் பாடுவாரு. உங்க தம்பி மொத தடவ என்னைய டான்ஸுக்குக் கூப்பிட்டது அவரு பாட்டுக்குத்தான்” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பூண்டை எடுத்தாள். நானும் பூண்டு உரிக்க உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்தாள். இந்தத் தடவை வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனிலேயே ஓட்டுப் போடலாமாம், பேர் பதிய பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பணுமாம். “என் பாஸ்போர்ட்டை அவுக எங்க வச்சாகன்னு உங்களுக்குத் தெரியுமா ஆத்தே?” என்று கேட்டாள். கால் கடுக்க வெயிலில் வரிசையில் நின்று, பேரைச் சரிபார்த்து, விரலில் மை வைத்து ஓட்டுப் போடுகிறவள் நான். தேர்தல் வேலைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். போனில் ஓட்டாம். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்குவதற்கு இதைவிட மோசமான பொய்யைச் சொல்ல முடியுமா? நான் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன். “எனக்கென்னம்மா தெரியும். அவன் எங்க வச்சானோ.” அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அலமாரி, பரண், தம்பியின் பழைய டூல்ஸ் பெட்டி என்று ஒரு வாரம் தேடினாள். அவள் பரணில் ஏறியபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

பேர் பதிகிற கெடு முடிந்தது. ஓட்டு நாள் அன்று அவள் காலையிலேயே தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கம்மல் போட்டுப் போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூட லீவு என்பதால் மருமகளும் பக்கத்தில். மத்தியானம் சோறு போடும்போது பார்க்கிறேன், அவள் வலது ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து ஊதா மை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓட்டுப் போட்டுவிட்டாள், அப்படியானால் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி, மாதா படத்துக்குப் பின்னால் இருந்து சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து ரிஜிஸ்டர்களுக்கு அடியில் கையை விட்டேன். இரண்டும் இருந்தன. பெருமூச்சு விட்டுத் திரும்பினால் அறை வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தது. “நான்தான் அத்தை ஸ்கெட்ச் பேனாவுல அம்மாவுக்கு மை வச்சேன். ஓட்டுப் போடாம ஏக்கமா இருக்குன்னு சொன்னாக” என்றது. என்ன பார்த்தது, எவ்வளவு பார்த்தது என்று நான் கேட்கவில்லை. பெட்டியை மூடினேன். சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்தேன். அவள் எழுதிய பன்னிரண்டில் ஐந்து பேர் வந்தார்கள். ஏழாவது ஆள் தோற்றுப்போனார். வேறு நாடுகளில் இருந்துகொண்டு போனிலேயே ஓட்டுப் போட்ட அவள் ஊர்க்காரர்களையும் காட்டினார்கள். அதுவும் உண்மைதான்.

அன்றே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொடுத்தால் பொய் சொன்னது தெரிந்துபோகும் என்பது ஒரு காரணம். பிள்ளை போய்விடும் என்பது உண்மையான காரணம்.

அடுத்த வருசம் ஐப்பசி மழையில் அவள் அம்மாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று போன் வந்தது. ஈரலில் கட்டி. தினமும் பேசினாள். அம்மா மெலிவது போனிலேயே தெரிந்தது. நான் காத்திருந்தேன். இப்போது பாஸ்போர்ட்டைக் கேட்பாள், அழுவாள், சண்டை போடுவாள், நான் என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. வழக்கம்போல மாவு எடுத்து வைத்தாள், வேனில் பிள்ளையை ஏற்றினாள். கேட்காமல் இருப்பதில் ஏதோ சூது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒருவேளை புதுசாக வாங்கிவிட்டாளோ? மூன்றாம் நாள் அவள் காய்கறிக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன்.

இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆனால் நான் வைத்தபடி இல்லை. பாலிதீன் கவருக்குள் போட்டு, வாயை மடித்து, தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. காய்ந்த வேப்பிலை இரண்டு இணுக்கு உள்ளே. என் ரிஜிஸ்டர்களுக்குக் கீழேயும் நான் விரிக்காத நியூஸ் பேப்பர் விரித்திருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தேன், பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்துச் சுவரின் ஈரம் உள்ளே ஏறியிருந்தது. அந்தக் கவர் இல்லாவிட்டால் இரண்டும் ஊறிப்போயிருக்கும். பேப்பரில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஒரு வருசத்துக்கும் மேலே ஆகியிருந்தது.

அந்தக் கவரை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் பையை இறக்கிவைத்தாள், பார்த்தாள், முருங்கைக்காயை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

“தெரிஞ்சும் ஏன்டி எடுக்கல?”

“புள்ள சொல்லிச்சு. போய்ப் பாத்தேன்.” அவள் என் பக்கம் திரும்பவில்லை. “நீங்க பயந்துபோய்த்தான் வச்சிருக்கிய. நான் எடுத்திட்டா அந்தப் பயம் நிஜமாயிரும். பொறவு நான் எம்புட்டு சொன்னாலும் நம்பமாட்டிய. நீங்களா எடுத்துக் குடுக்கட்டும்னு இருந்தேன்.”

“அம்மா இப்பிடிக் கிடக்கும்போதுமா?”

கத்தியை எடுத்தாள், வைத்தாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதற்கு முன்னால் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். நான் அவள் கையைப் பிடித்து அதில் அந்தக் கவரை வைத்தேன். மன்னிச்சுக்கோ என்று சொன்னேன். வீட்டில் யாரிடமும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை, அதனால் சத்தமே வரவில்லை. அவளுக்குக் கேட்டிருக்குமா என்றும் தெரியவில்லை.

தாயும் மகளுமாகப் போவது என்று முடிவாயிற்று. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவளே சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். பாட்டியைப் பிள்ளை பார்க்க வேண்டாமா? மதுரை விமான நிலைய வாசலில் மருமகளுக்கு ஜடை அவிழ்ந்திருந்தது, அதைப் பின்னிவிட அவள் டிக்கெட் தாள்களை என் கையில் கொடுத்தாள். நான் அதைப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தேன். மதுரையிலிருந்து மணிலா வரைக்கும் எல்லாம் இருந்தது. திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை. அம்மாவுக்கு எத்தனை நாள் என்று தெரியாதபோது யார் தேதி போடுவார்கள், இது நியாயம்தானே என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு என்ன சொன்னது என்பதை எழுத வேண்டியதில்லை. ஜடை பின்னி முடிந்தது. தாள்களை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அவள் பையில் போட்டு, ஜிப்பை நானே இழுத்து மூடினேன். போயிட்டு வாங்க என்றேன்.

அவள் அம்மா தை மாசம் இறந்துபோனாள். இப்போது ஆனி. தினமும் பேசுகிறார்கள். மருமகளுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக இடம் கிடைத்திருக்கிறதாம், தெருவில் ஏதோ எலக்சனாம், ஒரு வேட்பாளர் மேடையில் ஆடி வழுக்கி விழுந்தாராம். நான் சிரிக்கிறேன், சாப்பிட்டியா என்கிறேன், மழையா என்கிறேன். எப்ப வருவீங்க என்று மட்டும் கேட்பதில்லை. இத்தனை வருசமாக அவளிடம் நான் கேட்டதெல்லாம் சந்தேகத்தில் கேட்டது. இதையும் கேட்டால், ஆத்தே மறுபடியும் விசாரணையை ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் அவளுக்குக் கேட்கும். உங்களைத் தேடுதுட்டி, பாக்கணும்போல இருக்கு என்று ஒரு தடவை சொன்னால் போதும். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் வருகிறது. நாளைக்கு அவள் பேசும்போது சொல்லிவிட வேண்டும்.